ஓர் இரவின் எண்



பெரிய எண் என்றதும் நம்மில் பலர் அதன் நீளத்தைத்தான் எண்ணுகிறோம். எத்தனை சுழி, எத்தனை இலக்கம் என்று கேட்டு வியக்கிறோம், வியந்தபின் விலகிவிடுகிறோம். பல்லாண்டுக் காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நான் கண்டது இது: பெரிய எண்ணைப் பார்த்து அஞ்சும் மாணவன், அதை எதனால் வகுக்கலாம், வகுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்கத் தொடங்கிய அன்றே அச்சம் நீங்கப்பெறுகிறான். இன்று அத்தகைய ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதன் இயல்புகளை ஆராய்வோம். அவ்வெண் 24,47,209. இருபத்து நான்கு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்று ஒன்பது.

இது காவலூரின் ஓர் இரவைக் குறிக்கும் எண். ஆலங்காயத்துக்கு அருகே, ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் காவலூர். கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் தலைவராய் இருந்த வைணு பாப்பு, நகர விளக்கொளி எட்டாத இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டு, 38 செண்டிமீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி ஒன்றைக்கொண்டு இங்கே பணி தொடங்கிற்று. அவர் 1982இல் மறைந்தார். 2.34 மீட்டர் விட்டமுடைய பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றபோது, ஆய்வகமும் அத்தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கின. 1988 பிப்ரவரி 17ஆம் நாள் இரவு, ஆர். ராஜமோகன் அவர்கள் இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற வரிசை எண் பெற்ற அக்கோளுக்கு இராமானுஜன் என்று பெயரிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட 24,47,209 என்பது அந்த இரவின் எண்ணே.

வானநூலார் தேதியை எழுதுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் வரிசையாக ஒரு முழு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர். கி.மு. 4713ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியைச் சுழி என்று வைத்து, அதன்பின் கழிந்த நாள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவிடாது எண்ணி வருகிறார்கள். இதில் மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. நாள் ஒன்றே உண்டு.

இத்தனை பெரிய எண் எதற்கு? தேதி போதாதா? போதாது என்பதற்குக் காவலூரே சான்று. 1977 மார்ச் மாதம் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. அதை வானூர்தியிலிருந்து நோக்கியவர்களும் வெவ்வேறு நாடுகளின் ஆய்வகங்களில் நோக்கியவர்களும் இருந்தனர், காவலூரிலும் நோக்கினர். மறைவுக்கு முன்னும் பின்னும் விண்மீன் சில கணங்கள் மங்கிற்று. அதிலிருந்தே யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது தெரிய வந்தது. கிரீன்விச் கணக்கில் அது மார்ச் 10ஆம் நாள் இரவு. காவலூரிலோ நள்ளிரவு கடந்து 11ஆம் நாள் பிறந்துவிட்டது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள்! ஆனால் நாள் எண் ஒன்றுதான்: 24,43,213.

இந்த எண் மாறும் நேரமும் கருதத்தக்கது. நம் தேதி நள்ளிரவில் மாறுகிறது. இரவெல்லாம் விழித்து நோக்குபவனுக்கு இதைவிட இடைஞ்சலான நேரம் வேறில்லை. ஆகவே ஜூலியன் நாள் கிரீன்விச்சின் நண்பகலில் தொடங்குமாறு அமைந்துள்ளது. கிரீன்விச்சில் நண்பகல் என்றால் நமக்கு மாலை ஐந்தரை மணி. காவலூரில் கதிரவன் மறையுமுன் எண் மாறிவிடுகிறது. பின்னர் மறுநாள் மாலை ஐந்தரை வரை மாறுவதில்லை. அந்தி முதல் விடியல் வரை ஓர் இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்குகிறது. இரவு பதினொன்றரை மணி என்பது, மாலை ஐந்தரையிலிருந்து ஆறு மணி நேரம், அதாவது கால் நாள். ஆகவே அதனை 24,47,209.25 என்று எழுதிவிடலாம்.

இனி இவ்வெண்ணின் முதல் இயல்பைக் காண்போம். அது கழித்தல். சென்னை வான் ஆய்வகத்தில் போக்சன் என்பார் 1861 ஏப்ரல் 17ஆம் நாள் ஒரு குறுங்கோளைக் கண்டார். அதற்கு ஆசியா என்று பெயர். அத்தேதியின் எண் 24,00,883. சென்னையில் ஆசியா கண்டறியப்பெற்றதற்கும் காவலூரில் இராமானுஜன் கண்டறியப்பெற்றதற்கும் இடையே எத்தனை நாள்கள்? தேதிகளை வைத்துக் கணக்கிட்டால், நடுவில் வந்த நெட்டாண்டுகளைத் தேட வேண்டும். 1900 நெட்டாண்டு அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எண்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரே கழித்தல்: 46,326 நாள்கள்.

ஒரு நாள் பிசகினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள் பல உண்டு. அவற்றின் ஒளி எத்தனை நாளுக்கு ஒருமுறை உச்சத்தை அடைகிறது என்று அறிய, வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதிவைத்த குறிப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும். அந்நாடுகளின் நாட்காட்டிகளோ ஒன்றல்ல. ரோமாபுரியில் 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் 15ஆம் தேதி. இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி. இவற்றை அறியாது ஒருவர் கழித்தால் பத்து நாள், பதினொரு நாள் தவறிவிடும். தலைமுறை தலைமுறையாகக் கண் விழித்தவர்களின் உழைப்பு அத்தனையும் பாழாகும். நாள் எண்ணில் இத்தொல்லை இல்லை. 1582 அக்டோபர் 4க்குரிய எண் 22,99,160; மறுநாளுக்குரிய எண் 22,99,161. அரசர்களும் சமய குருமார்களும் தேதியைத் தாண்டச் செய்தார்கள். கதிரவனை ஒரு நாளும் தாண்டச் செய்யவில்லை.

இரண்டாவது இயல்பு மீதி. நாள் எண்ணை 7ஆல் வகுத்தால் வரும் மீதி கிழமையைச் சொல்லும். சுழி மிஞ்சினால் திங்கள், ஒன்று மிஞ்சினால் செவ்வாய் என்று எண்ணிக்கொண்டே போகலாம். 24,47,209ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே அன்று புதன்கிழமை. 24,00,883ஐ வகுத்தாலும் மீதி 2, அன்றும் புதன்கிழமை. மீதிகள் ஒன்றாயின், இரு எண்களின் வித்தியாசம் 7ஆல் மீதியின்றி வகுபட வேண்டுமல்லவா? 46,326 என்பது 7ஐ 6,618ஆல் பெருக்கிய தொகைக்குச் சரியாக இருப்பதைக் காண்க. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். நம் வானநூலாருக்குப் புதனன்று இரண்டு கோள்களே கிடைத்தன!

மூன்றாவது இயல்பு, கி.மு. 4713 என்ற தொடக்கம் எப்படி வந்தது என்பதை விளக்கும். ஸ்காலிஜர் என்ற அறிஞர் 1583ஆம் ஆண்டில் மூன்று சுழற்சிகளை ஒன்றாகப் பிணைத்தார். பழைய ஜூலியன் நாட்காட்டியில் தேதியும் கிழமையும் 28 ஆண்டுக்கு ஒருமுறை ஒத்துவரும். சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகள் 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்பும். ரோமரின் வரிக்கணக்குச் சுழற்சி 15 ஆண்டு. இம்மூன்று எண்களில் எந்த இரண்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை. ஆகவே மூன்றும் ஒருங்கே முதலாம் ஆண்டாக வருவது, அவற்றின் பெருக்குத்தொகையான 7,980 ஆண்டுக்கு ஒருமுறைதான். அவ்வாறு மூன்றும் ஒருங்கே தொடங்கிய ஆண்டே கி.மு. 4713. ஆண்டுகளுக்கு அவர் வகுத்த முறையை நாள் எண்ணிக்கையாக வானநூலில் நிலைநாட்டியவர் ஜான் ஹெர்ஷல், ஆண்டு 1849.

இதை ஒரு விடுகதையாகச் சொல்கிறேன். ஒரு கூடையில் எலுமிச்சம் பழங்கள் உள்ளன, 7,980க்கு மேற்படவில்லை. 28, 28ஆக எடுத்தால் 9 மிஞ்சும்; 19, 19ஆக எடுத்தால் 13 மிஞ்சும்; 15, 15ஆக எடுத்தால் 11 மிஞ்சும். பழங்கள் எத்தனை? இங்கே மூன்று துணை எண்கள் வேண்டும். 4,845 என்பது 19ஆலும் 15ஆலும் மீதியின்றி வகுபடும். 28ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். 4,200 என்பது 28ஆலும் 15ஆலும் வகுபடும். 19ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். 6,916 என்பது 28ஆலும் 19ஆலும் வகுபடும். 15ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். முதல் எண்ணை 9ஆலும், இரண்டாவதை 13ஆலும், மூன்றாவதை 11ஆலும் பெருக்கிக் கூட்டினால் 1,74,281. இதிலிருந்து 7,980ஐ இருபத்தொரு தடவை நீக்கினால் எஞ்சுவது 6,701. இதுவே விடை. வேறு விடை இல்லை. 6,701இலிருந்து 4,713ஐக் கழித்துப் பாருங்கள், 1988 வரும். 9, 13, 11 என்ற மூன்று சிறிய மீதிகள், ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஆண்டுகளில் காவலூர் ஆண்டைத் தனித்துக் காட்டிவிட்டன.

இத்தகைய மீதிக் கணக்குகளைத் தீர்க்கும் முறையை ஆரியபட்டர் கி.பி. 499இல் தம் நூலில் சொல்லியிருக்கிறார். பின்வந்தோர் அதற்கிட்ட பெயர் குட்டகம். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, வகுத்த எண்ணை மீதியால் வகுத்து, அந்த மீதியை அடுத்த மீதியால் வகுத்துப் பொடியாக்குவதே அம்முறை. மீப்பெரு பொது வகுத்தி காண நீங்கள் பள்ளியில் செய்வதும் இதே வேலைதான்.

ஆரியபட்டர் மரபில் வந்த நம் நாட்டாரிடமும் நாள் எண்ணிக்கை ஒன்று உண்டு. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களின் தொகை அது, அகர்கணம் என்பார்கள். ஜூலியன் நாட்காட்டிப்படி கி.மு. 3102 பிப்ரவரி 18ஆம் நாளைச் சுழியாகக் கொண்டது. அந்நாளின் ஜூலியன் எண் 5,88,466. ஆகவே நம் காவலூர் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் கலிநாள் கிடைக்கும்: 18,58,743. கலியுகம் வெள்ளிக்கிழமை தொடங்கிற்று. 18,58,743ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. வெள்ளியிலிருந்து ஐந்து நாள் தள்ளி எண்ணினால் மீண்டும் புதன்கிழமையே வருகிறது. தொடக்கம் வேறாயினும் உண்மை வேறாவதில்லை.

தமிழ்நாட்டின் வாக்கியப் பஞ்சாங்கக் கணிதர்கள் இந்தக் கலிநாளை என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெல்லவும் செல்கிறது. தொலைவிடத்திலிருந்து மீண்டும் தொலைவிடத்துக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மிகுதியும் ஆகிறது. தசமத்தில் சொன்னால் 27.55455 நாள். இந்தப் பின்னத்தை முழு நாள்களாக மாற்றுவது எப்படி? இரண்டு சுற்றுக்கு 55 நாள் என்பது முரட்டுக் கணக்கு. 9 சுற்றுக்கு 248 நாள் என்பது நல்ல கணக்கு. பிழை சுமார் 13 நிமிடம். 248ஐப் பன்னிரண்டால் பெருக்கி 55ஐக் கூட்டினால் 3,031. 9ஐப் பன்னிரண்டால் பெருக்கி 2ஐக் கூட்டினால் 110. அதாவது 110 சுற்றுக்கு 3,031 நாள்; எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட இக்காலத்தில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு! 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டினால் 12,372; இது 449 சுற்று. இடித்துப் பொடியாக்கும் முறை தரும் அழகிய எண்கள் இவை.

இவ்வெண்களை மறவாதிருக்கச் சொற்களாக்கி வைத்தார்கள். வடமொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லில் வரும் இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாகப் படிக்க வேண்டும். தேவர என்ற சொல்லில் தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. திருப்பிப் படித்தால் 248. காலானல என்பது 3,031. ரஸகரிகா என்பது 12,372. சந்திரனின் நகர்வைச் சொல்லும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாக, வரருசியின் பெயரால் வழங்கி வந்தன. கணிதர் அவற்றை மனப்பாடம் செய்திருப்பார். இன்று எத்தனையாவது வாக்கியம் என்று கண்டுவிட்டால் போதும்.

நம் காவலூர் இரவுக்கு அதைக் காண்போமா? 16,00,984 என்பது கி.பி. 1282ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு கலிநாள். அன்று கதிரவன் உதிக்கும் வேளையில் சந்திரன் தொலைவிடத்தில் இருந்ததாகக் கொண்டார்கள். 18,58,743இலிருந்து இதை நீக்கினால் 2,57,759. இதை 12,372ஆல் வகுத்தால் ஈவு 20, மீதி 10,319. அதை 3,031ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 1,226. அதை 248ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 234. ஆகவே 234ஆவது வாக்கியம். நீக்கிய சுற்றுகளுக்குரிய நகர்வை ஈவுகளைக்கொண்டு தனியே கூட்டிக்கொள்வார்கள்.

இந்த 234 என்ன சொல்கிறது? எட்டுச் சுற்றுகளுக்கு ஏறத்தாழ இருநூற்று இருபதரை நாள் போக, பதின்மூன்றரை நாள் மிஞ்சுகிறது. அது ஏறக்குறையப் பாதிச் சுற்று. அதாவது சந்திரன் தொலைவிடத்துக்கு நேர் எதிரே, பூமிக்கு மிக அருகில் வந்திருக்கிறது. இன்றைய வானநூலும் அதையே சொல்கிறது. அன்று அமாவாசை; குறுங்கோளைத் தேடுபவர் விரும்பும் இருட்டு. அடுத்த அமாவாசையில், 1988 மார்ச் 18ஆம் நாள், சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் பகுதிகளில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போதும் சந்திரன் பூமிக்கு அண்மையில் இருந்தமையால்தான் கதிரவனை அதனால் முழுவதும் மறைக்க முடிந்தது. எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு தொடக்க நாளிலிருந்து, நான்கு எண்களைக்கொண்டு, இவ்வளவு நெருங்கி வரமுடிகிறது.

இதைச் செய்துகாட்டிய ஒரு தமிழரைப் பற்றி வாரன் என்பவர் எழுதியிருக்கிறார். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர் அவர். காலசங்கலிதம் என்னும் அவருடைய நூல் 1825இல் சென்னையில் வெளிவந்தது. புதுச்சேரியில் கணிதர் ஒருவர் எழுதுகோலைத் தொடாமல், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமான வாய்பாடுகளைக்கொண்டு, அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடமே. ஆயினும் நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. இரண்டையும் சொல்வதே நேர்மை. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று கொண்டாடுவதும், அவர்கள் அறிந்தது ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். எண்களை எடுத்து வகுத்துப் பார்ப்பவனுக்கே அவர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பது விளங்கும். நின்ற இடத்திலிருந்து மேலே செல்ல வானத்தை மீண்டும் மீண்டும் நோக்கி எண்களைத் திருத்த வேண்டும். காவலூர் போன்ற இடங்கள் அதற்காகவே இருக்கின்றன.

எண்ணின் பெருமை அதன் நீளத்தில் இல்லை என்பது இப்போது தெளிவாகியிருக்கும். 24,47,209ஐ 7ஆல் வகுத்தால் அது கிழமையைச் சொல்கிறது. ஓர் எண்ணைக் கழித்தால் கலிநாளைச் சொல்கிறது. மேலும் வகுத்தால் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. கேள்வி எதுவோ அதற்கேற்ற வகுஎண்ணைத் தேர்ந்தெடுப்பதே கணித அறிவு.

இதை நீங்களே செய்து பழகலாம். 2000 ஜனவரி முதல் தேதியின் எண் 24,51,545. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னோ பின்னோ நாள்களை எண்ணி, உங்கள் பிறந்த நாளின் எண்ணைக் காணுங்கள். 7ஆல் வகுத்துக் கிழமையை அறிந்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் இராமானுஜன் பிறந்தார். அந்நாளின் எண் 24,10,628. அன்று என்ன கிழமை என்பதையும், அவர் பெயர் தாங்கிய குறுங்கோள் காவலூரில் தென்படும் வரை எத்தனை நாள்கள் கழிந்தன என்பதையும் இன்றிரவே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வகுத்தலும் ஒரு கழித்தலும் போதும்.